தீவு பார்க்கும் படலம்

நெடுங்கரைப்பட்டியில் எந்தக் காரியத்தையும் போட்டோவைப் பார்த்து முடிக்கிற வழக்கம் கிடையாது. காளை வாங்கினால் பல்லைப் பிடித்துப் பார்த்துத்தான் வாங்குவார்கள். பெண் கொடுத்தால் மாப்பிள்ளை வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்து, தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது, வாளி இறைக்கப்போகிற பிள்ளையின் கை எவ்வளவு நோகும் என்று மனக்கணக்குப் போட்டுவிட்டுத்தான் கொடுப்பார்கள். ஆகவே மாவு மில் தவசிலிங்கத்தின் மகள் வாசுகி வெளிநாட்டிலிருந்து இரண்டு தீவுகளின் படத்தை அம்மாவின் செல்போனுக்கு அனுப்பி, "ரெண்டுல எது பிடிச்சிருக்குன்னு சொல்லும்மா, நீயும் அப்பாவும் போய் இருந்துட்டு வாங்க, மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்று சொன்னபோது, சொர்ணத்தாய்க்குச் சந்தோஷம்தான் என்றாலும் எதைச் சொல்வதென்று தெரியவில்லை. இரண்டு படத்திலும் நீலம் இருந்தது, இரண்டிலும் தென்னை இருந்தது, ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகளைப் போல இரண்டும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

சொர்ணத்தாய் அதுவரை எங்கும் போகாதவள் என்று சொல்ல முடியாது. வேன் நிறைய ஆட்களோடு திருச்செந்தூருக்குப் போயிருக்கிறாள், துக்க வீடுகளுக்கு அழுதுகொண்டே போய் அழுதுகொண்டே திரும்பியிருக்கிறாள். ஆனால் புருஷனோடு தனியாக ஓர் இடத்தில் போய் உட்கார்ந்ததில்லை. கல்யாணமாகி வந்த மறுவாரமே மில்லில் நின்றாள். மில் ஓடுகிற சத்தத்தில் வாய்ப்பேச்சு எடுபடாது என்பதால் தவசிலிங்கம் விரலைக் காட்டுவார், ஒரு விரல் காட்டினால் குருணையாக, இரண்டு விரல் காட்டினால் நைசாக. அந்த விரல் பாஷையிலேயே ஒரு மகள் பிறந்து, வளர்ந்து, படித்து, விமானம் ஏறிப் போயும்விட்டாள். ராத்திரி வீட்டுக்கு வந்தால் அவர் காதில் இன்னும் மில் ஓடிக்கொண்டிருக்கும், அவள் கேட்பது அவருக்கு விழாது. இஞ்சின் இல்லாத ஓர் இடத்தில் இந்த மனுஷனை உட்காரவைத்து, அவருக்கு என்னதான் பேசத் தெரியும் என்று ஒரு தடவை கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் அவளுடைய ஆசை. அதற்குத் தீவு ஒன்றுதான் சரி என்று அவளுக்குத் தோன்றியது, ஏனென்றால் அங்கே மிளகாய் அரைக்க யாரும் வரமாட்டார்கள்.

தவசிலிங்கத்தின் அக்காள் வேலம்மாள் செல்போனை வாங்கி, கண்ணருகே கொண்டுபோய், தூரக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஏ சொர்ணம், போட்டோவுல எல்லாரும் செவப்பாத்தான் தெரிவாக. நம்ம வழக்கம் என்ன? நேர்ல பாக்காம முடிக்கிறதா? ஒம் மககிட்ட நேர்ல காட்டச் சொல்லு."

சொர்ணத்தாய் அதை அப்படியே மகளிடம் சொன்னாள். மகள் சிரித்துவிட்டு, "சரிம்மா, சொல்லிப் பாக்கிறேன்" என்றாள். யாரிடம் சொன்னாளோ, எப்படிச் சொன்னாளோ, அந்த வெள்ளிக்கிழமை விடிந்தபோது இரண்டு தீவுகளும் நெடுங்கரைப்பட்டிப் பெரிய கண்மாயில் வந்து நின்றன.

முதலில் பார்த்தவர்கள் காலையில் கண்மாய்க்கரைக்கு ஒதுங்கப் போனவர்கள். எதிரே கடல் கிடப்பதைக் கண்டு அவர்கள் மரியாதையாக மறுபக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்கள். மழையைக் கண்டு வெகுகாலமான கண்மாய் அது. தீவுகள் ஆளுக்கு ஒரு கடலைக் கையோடு கொண்டுவந்திருந்தன, வடக்கே நின்றதன் கடல் வெளிர்நீலம், தெற்கே நின்றதன் கடல் கருநீலம், இரண்டும் சேருகிற இடத்தில் சேலையின் கரையைப் போல ஒரு கோடு ஓடியது. இடுப்பளவுதான் ஆழம். விருந்துக்கு வந்த இடத்தில் அதிகம் விரிந்து உட்காரக் கூடாது என்று அவற்றுக்கும் தெரிந்திருந்தது. எருமைகள் வெகுநாளைக்குப் பிறகு இறங்கிப் படுத்துக்கொண்டன, அன்றிலிருந்து ஊரில் யார் வீட்டு மோருக்கும் உப்புப் போட வேண்டியிருக்கவில்லை.

ராகு காலம் கழிந்ததும் பார்க்கக் கிளம்பினார்கள். இப்படிப்பட்ட காரியத்துக்கு ஒற்றைப்படையாகத்தான் போக வேண்டும் என்பதால், கரைக்கு வந்தபின் எண்ணிப் பார்த்து, ஓர் ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேலம்மாள் முன்னால் போனாள், அவளுக்குப் பின்னால் அவள் புருஷன் சோலைமலை, அப்புறம் ஜோசியர் பூவலிங்கம், பங்காளிகள், கடைசியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தவசிலிங்கம். போகப்போகிறவள் முன்கூட்டியே போய் நிற்பது அழகல்ல என்று சொர்ணத்தாயைக் கரையில் நிறுத்திவிட்டார்கள். தண்ணீரில் இறங்குமுன் வேலம்மாள் திரும்பி நின்று எல்லாரையும் எச்சரித்தாள்.

"நல்லாக் கேட்டுக்கோங்க. காப்பித்தண்ணி குடுத்தா குடிக்கலாம். சோத்துல மட்டும் ஒருத்தரும் கை நனைச்சிரக் கூடாது. நனைச்சா சம்மதம்னு ஆயிரும், அப்புறம் நாக்கைப் புரட்டிப் பேச முடியாது."

வடக்குத் தீவில் கோட்டுப் போட்ட ஒரு வாலிபன் வாசலிலேயே நின்று கும்பிட்டான், ஆளுக்கொரு கிளாஸில் சிவப்பாக ஏதோ கொடுத்தான், அதில் ஒரு சின்னக் காகிதக் குடை குத்தியிருந்தது. தென்னைகள் கம்பி கட்டி நட்டதுபோல வரிசையாக நின்றன. மணல் உளுந்தமாவு போல இருந்தது. வேலம்மாள் ஒரு கைப்பிடி அள்ளி முந்தானையில் தேய்த்துப் பார்த்தாள்.

"சாயம் போகுதான்னு பாக்கேன்."

"இங்கிருந்து சூரியன் மறையறது ரொம்ப அழகாத் தெரியும்" என்றான் கோட்டுக்காரன்.

"எங்க ஊர்லயும் மறையும்" என்றார் சோலைமலை.

தெற்குத் தீவு கறுப்புப் பாறை. நடுவில் சின்னதாக ஒரு மலை, அதன் உச்சியிலிருந்து அடுப்பங்கரைக் கூரையில் கசிவதுபோலப் புகை கசிந்தது. அதன்மேல் மட்டும் ஓயாமல் தூறல் விழுந்துகொண்டிருந்தது. பலாமரத்தடியில் ஓலைத் தொப்பி வைத்த ஒரு பொம்பளை மீன் சுட்டுக்கொண்டிருந்தாள். வந்தவர்களை நிமிர்ந்து பார்த்தாள், உட்கார்ந்திருந்த பலகையில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள், மறுபடி மீனைத் திருப்பிப் போட்டாள்.

"வாங்கன்னு ஒரு வார்த்தை உண்டுமா பாத்தியா?" என்றாள் வேலம்மாள். "உச்சந்தலையில புகையுது. கோவக்காரத் தீவு."

அன்று சாயங்காலம் மில் வாசலில் கூடி இரண்டையும் ஒப்பிட்டார்கள். ஜாதகம் பார்க்கப் பிறந்த நேரம் வேண்டுமே என்று பூவலிங்கம் கேட்டு வந்திருந்தார். வடக்குத் தீவு பவளப்பூச்சிகள் கட்டியது, இன்னும் பிறந்துகொண்டேதான் இருக்கிறது, அதனால் அதற்கு நட்சத்திரம் குறிக்க முடியாது என்றார். தெற்குத் தீவு கடலுக்கடியிலிருந்து நெருப்பாக எழும்பி வந்ததாம், ஆகவே சந்தேகமே இல்லை, கடுமையான செவ்வாய் தோஷம். வடக்குக்குச் சிரிப்பு அதிகம், எல்லாரையும் பார்த்துச் சிரிக்கிற வீடு நிலைக்காது என்றார் ஒருவர். தெற்குக்குப் பேச்சுக் குறைவு, பேசாத வீட்டில் பிள்ளை எப்படி இருக்கும் என்றார் இன்னொருவர். விசாரிக்க அக்கம்பக்கம் என்று ஒன்று இருக்க வேண்டும், தீவுக்கு அக்கம்பக்கம் கடல்தான், அதனிடம் யார் போய்க் கேட்பது? வாதம் நாளுக்கு நாள் முற்றியது. டீக்கடையில் வடக்குக்காரர்கள் ஒரு பெஞ்சு, தெற்குக்காரர்கள் ஒரு பெஞ்சு என்று ஆயிற்று. வடக்குத் தீவைப் புகழ்ந்து யாராவது பேசினால் மறுநாள் அதில் இன்னொரு வரிசைத் தென்னை முளைத்திருக்கும். தெற்கைக் குறை சொன்னால் அது லேசாக உறுமும், ஊரில் எல்லார் வீட்டு அலமாரியிலும் எவர்சில்வர் டம்ளர்கள் நடுங்கும், "செத்த சும்மா இரேன்" என்று பெண்கள் அடுப்படியிலிருந்தே அதட்டுவார்கள்.

சொர்ணத்தாயிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்வதற்கு அவளிடமும் பெரிதாக ஒன்றுமில்லை. "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு, எதையாவது சொல்லுங்க, போயிட்டு வந்துருவோம்" என்று புருஷனிடம் சொன்னாள். அவர், "அவசரப்பட்டா ஆகுற காரியமா இது?" என்றார். மதுரையில் வாங்கிய புதுப் பை, இரண்டு சேலையோடு கட்டிலடியில் காத்துக் கிடந்தது.

அந்தச் சமயத்தில்தான் சோலைமலை காரியத்தைக் கெடுத்தார். சர்க்கரை வியாதிக்காக வேலம்மாள் அவருக்குக் கேப்பைக்களியை அளந்து போட்டு வந்தாள். வயிற்றுக்கு வஞ்சனை செய்யத் தெரியாத மனுஷர் அவர். தீவைப் பார்த்து வருகிறேன் என்று மத்தியான வேளையில் தனியாகப் போய், வடக்குத் தீவில் கோட்டுக்காரன் போட்ட நெய்ச்சோற்றைத் தின்றார். கையைக் கழுவிக்கொண்டு தெற்குத் தீவுக்குப் போய், அங்கே சுட்ட மீனோடும் ஒரு பிடி பிடித்தார். கரைக்கு வந்து விட்ட ஏப்பமே அவரைக் காட்டிக்கொடுத்தது.

"ரெண்டு எடத்துலயுமா?" என்று வேலம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "ரெண்டு எடத்துலயுமா கைய நனைச்சீரு? ஒரு பொம்பளைய ரெண்டு வீட்டுக்கு எப்படிய்யா அனுப்புறது?"

"ஒரு எடத்துல தின்னுட்டு இன்னொரு எடத்துல திங்கலேன்னா அது மனசு வருத்தப்படாதா?" என்றார் சோலைமலை.

ஊரே மில் வாசலில் கூடியது. வாக்குக் கொடுத்தாயிற்று, அதுவும் இரண்டு இடத்தில். ஒன்றை ஒத்துக்கொண்டால் இன்னொன்றுக்குத் துரோகம், இரண்டையும் தள்ளினால் ஊருக்கே பழி, நாளைக்கு இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு குளத்தங்கரைகூட வரன் சொல்லாது. பேசிப் பேசி எல்லாரும் ஓய்ந்த நேரத்தில், வாயே திறக்காத தவசிலிங்கம் தொண்டையைச் செருமினார்.

"ரெண்டையும் வச்சுக்கிடுவோம்."

"எப்படி மாப்ள?" என்றார் சோலைமலை.

"வீட்டோட மாப்பிள்ளையா இருக்கட்டும். அதுக இங்கதான வந்து நிக்கிது? எடம் இருக்கு, கண்மாய் சும்மாதான கெடக்கு? நாம போக வேண்டியதில்ல. அவளுக்குத் தீவு வேணும்னா எறங்கி நடந்து போயிக்கிடட்டும். மில்லும் ஓடும்."

இதைவிட நியாயமான தீர்ப்பை அந்த ஊர் கேட்டதில்லை. எல்லாரும் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்கள். சொர்ணத்தாய் மட்டும் சுவரோரமாக நின்றபடி, தன் பயணம் தன் கண் முன்னாலேயே ஊருக்குள் வந்து குடியேறிவிட்டதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப நாம போகலையா?" என்று கேட்டாள். "அதான் வந்துருச்சே" என்றார் அவர், சிரித்த முகமாக.

வீட்டோடு மாப்பிள்ளைக்கு நெடுங்கரைப்பட்டியில் என்ன மரியாதை உண்டோ அது தீவுகளுக்கும் கிடைத்தது. முதலில் தென்னைக்குத் தென்னை கொடி கட்டித் துணி காயப்போட்டார்கள். பிறகு ஆடுகளை ஓட்டிவிட்டார்கள். கோட்டுக்காரனை ரேஷன் கடை வரிசையில் இடம் பிடிக்க அனுப்பினார்கள், அவன் அங்கேயும் எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டான். வடக்குத் தீவின் கடல் சாயம் மங்கி, அரிசி களைந்த தண்ணீர் நிறத்துக்கு வந்தது. அது புதிதாகத் தென்னை முளைக்கவைப்பதையும் நிறுத்திவிட்டது. தெற்குத் தீவில் துணி காயாது, ஆடுகள் நனைந்து தும்மின, அதனால் அதை ஊர் ஒதுக்கிவைத்தது, அது ஓரமாகப் புகைந்துகொண்டு நின்றது.

ஒரு காலையில் தவசிலிங்கம் வடக்குத் தீவின் மணலைக் காலால் தேய்த்துப் பார்த்தார், சூடு ஒரே சீராக இருந்தது. வெயிலும் நேராக விழுந்தது. மறுநாளே மிளகாய் வத்தல் மூட்டைகளைக் கொண்டுபோய் அந்த வெள்ளை மணல் முழுவதும் கொட்டி விரித்தார். தூரத்திலிருந்து பார்க்கத் தீவு பற்றி எரிவதுபோல இருந்தது. கடற்கரையில் உட்கார்ந்திருந்த கொக்குகள் எல்லாம் தும்மிக்கொண்டே எழுந்து போயின. பிறகு அவர் கரையில் நின்ற சொர்ணத்தாயைப் பார்த்துக் கையைத் தூக்கி, விரல்களைக் குப்புறத் திருப்பிக் காட்டினார். வந்து வத்தலைப் புரட்டிவிடு என்று அதற்கு அர்த்தம்.

சொர்ணத்தாய் சேலையை இடுக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். இரண்டு கடலும் சேருகிற கோட்டுக்கு வந்ததும் நின்றாள். வடக்கே வத்தல் காய்ந்துகொண்டிருந்தது, தெற்கே தூறிக்கொண்டிருந்தது. அத்தனை நாளும் ஊரே கூடிச் சிரிப்பையும் கோபத்தையும் நட்சத்திரத்தையும் தோஷத்தையும் ஒப்பிட்டும் பிடிபடாத ஒன்று அந்த இடத்தில் அவளுக்குப் பளிச்சென்று பிடிபட்டது. தூறுகிற தீவில் வத்தல் காயப்போட முடியாது. உலகம் அழிகிற வரைக்கும் முடியாது.

அவள் தெற்கே திரும்பி நடந்தாள். பலாமரத்தடிப் பலகையில் அந்தப் பொம்பளை கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள், சொர்ணத்தாய் உட்கார்ந்தாள். ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் அந்தப் பொம்பளை இலையில் சோற்றை வைத்து, மீனை வைத்து, ஒரு கல் உப்பை ஓரத்தில் வைத்து முன்னால் தள்ளினாள்.

கண்மாய்க்கரையில் துவைத்துக்கொண்டிருந்த வேலம்மாளுக்கு உயிரே போய்விட்டது.

"ஏ சொர்ணம்! தொடாத! எந்திரி!"

சொர்ணத்தாய் பிசைந்து ஒரு வாய் வைத்தாள்.

"துப்பிரு! ஏட்டி, துப்பிரு! நீ இன்னும் முழுங்கல, நாங்க யாரும் பாக்கல!"

அவள் முழுங்கிவிட்டு அடுத்த வாய் எடுத்தாள். சோலைமலை எங்கே தின்றாலும் அது சாட்சிக்காரன் சாப்பாடு, போகிறவளே கை நனைத்துவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை, இது ஊரில் எல்லாருக்கும் தெரியும். தெற்குத் தீவுக்கும் தெரிந்திருந்தது. அது ஒருமுறை உறுமி, அடிவயிற்றைச் சேற்றிலிருந்து விடுவித்துக்கொண்டு, கண்மாயின் மிச்சத் தண்ணீர் வெளியேறுகிற கலுங்குப் பக்கமாக மெல்ல நகர ஆரம்பித்தது.

தவசிலிங்கம் வத்தல் புரட்டுகிற பலகையோடு தண்ணீர் விளிம்புக்கு ஓடிவந்தார்.

"என்ன செய்யிற நீ? எறங்கு! நாளைக்கு மில்லை யாரு தொறக்க?"

"தொறக்கலேன்னா மூடிக் கெடக்கும்."

"அஞ்சாறு கல்யாண வீட்டு மாவு நிக்கிது!"

"இங்கேருங்க." அவள் சத்தம் போட்டுப் பேசி அவர் கேட்டதில்லை, மில் இல்லாத வெட்டவெளியில் அந்தக் குரல் அவ்வளவு தெளிவாக இருந்தது. "என்னைப் பொண்ணு பாக்க ஒங்க அக்கா வந்தாக, மாமா வந்தாரு, பங்காளிக வந்தாக. நீங்க வரல. அன்னைக்குக் கோயமுத்தூருக்கு இஞ்சின் பாக்கப் போயிட்டீக."

கரையில் எல்லாரும் தவசிலிங்கத்தைப் பார்த்தார்கள்.

"அது நல்ல இஞ்சின்" என்றார் அவர், குரல் இறங்கி.

"நல்ல இஞ்சின்தான். இன்னைக்கு வரைக்கும் ஒரு குத்தம் சொல்ல முடியாது. நான் போறேன். வாறதுன்னா வாங்க, இல்லேன்னா அதுகிட்டயே இருங்க."

தீவு யாருக்காகவும் நிற்கவில்லை. தவசிலிங்கம் காய்கிற வத்தலைப் பார்த்தார், கரைக்கு அப்பால் தெரிகிற மில்லின் தகரக் கூரையைப் பார்த்தார், தூறலுக்குள் தன்பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற பெண்சாதியைப் பார்த்தார். பிறகு பலகையை வீசிவிட்டு வேட்டியை மார்புவரை தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் விழுந்து ஓடினார். "ஓடுங்க மாப்ள, விட்டுறாதீக!" என்று அதுவரை வடக்குக்காரர்களாக இருந்தவர்கள்கூடக் கத்தினார்கள். ஒரு வேரைப் பிடித்து அவர் மேலே ஏறியதும் வேலம்மாள் அழுதுகொண்டே குலவையிட்டாள். பெண் வீட்டைவிட்டுப் போகும்போது குலவை இடாமல் எப்படி? மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். கோட்டுக்காரன் வத்தலுக்கு நடுவில் நின்று கும்பிட்டான்.

தீவு கலுங்கைத் தாண்டி, ஓடையில் இறங்கி, பருத்திக் காடுகளுக்கு நடுவே தன் கடலைத் தானே விரித்துக்கொண்டும் சுருட்டிக்கொண்டும் போயிற்று. நான்குவழிச் சாலையில் அது குறுக்கிட்டபோது பஸ்கள் நின்று வழிவிட்டன, கண்டக்டர் ஒருவர் சீக்கிரம் போகச் சொல்லி விசில் ஊதினார். தவசிலிங்கம் நனைந்த வேட்டியோடு பலகையில் ஒட்டி உட்கார்ந்து, மில்லின் பூட்டைப் பற்றிச் சொன்னார், பெல்ட்டைப் பற்றிச் சொன்னார், வத்தலை மழைக்கு முன்னால் அள்ளுவார்களா என்று கேட்டார். அவள் எல்லாவற்றுக்கும் "ம்" போட்டாள். உப்பளங்கள் தெரிகிற இடத்துக்கு வந்தபோது அவரிடம் இருந்த பேச்செல்லாம் தீர்ந்துபோயிற்று.

தூறல் இலைகளில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவருக்கு அது கேட்டது, கேட்பதை அவரே ஆச்சரியமாகக் கவனித்தார். பிறகு திரும்பி, தூறலில் நனைந்திருந்த அவள் முகத்தை, விலைக்கு வந்த சாமானைப் பார்ப்பதுபோல முன்னும் பின்னும் சாய்ந்து பார்த்தார்.

"ஏ சொர்ணம், ஒனக்குக் காதுக்குக் கீழ ஒரு மச்சம் இருக்கு."

"இருக்கு."

"எப்ப இருந்து?"

"பொறந்ததுல இருந்து."

அவர் அதை நம்பலாமா வேண்டாமா என்று யோசித்தார். அதிலேயே ஒரு கிராமம் கடந்து போயிற்று. கடைசியில் கூச்சத்தோடு, புது ஆள் வீட்டில் தண்ணீர் கேட்கிறவர்போல மெதுவாகக் கேட்டார்.

"வேற என்னல்லாம் இருக்கு?"

சொர்ணத்தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டு, நனைந்த கூந்தலை அவிழ்த்து உதறினாள்.

"அவசரப்படாதீக" என்றாள். "கடல் வரட்டும்."